சுஜோ தோட்டங்கள்: எப்போது நுழைவது, எங்கே உட்காருவது

ஷாங்காய்க்குப் போகிறவர்களில் பலர் ஒரு நாளை ஒதுக்கி சுஜோவுக்கு ரயிலேறுகிறார்கள். நான்கைந்து தோட்டங்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரிதான், குளம், பாறை, மண்டபம்" என்று திரும்புகிறார்கள். நடந்துகொண்டே பார்த்தால் அப்படித்தான் தெரியும். இந்தத் தோட்டங்களைக் கட்டியவர்கள் ஒவ்வொரு காட்சியையும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்ணுக்காக அமைத்தார்கள். அந்த இடங்கள் எவை, அங்கே கூட்டமில்லாத நேரம் எது என்று தெரிந்துகொண்டு போனால், பாதிச் செலவில் இரண்டு மடங்கு பார்க்கலாம்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1997-இல் நான்கு, 2000-இல் ஐந்து என்று மொத்தம் ஒன்பது தோட்டங்கள் சேர்ந்தன. எட்டு சுஜோ நகருக்குள், ஒன்று அருகிலுள்ள டோங்லி என்ற ஊரில். ஒன்பதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் இருந்தால் ஒரு பெரியது, ஒரு சிறியது. இரண்டு நாள் இருந்தால் நான்கு. அதற்கு மேல் போனால் கண் சலித்துவிடும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

முதலில் எப்போது போகக்கூடாது என்று பார்ப்போம். அக்டோபர் 1 முதல் 7 வரை, மே தின விடுமுறை நாட்கள், சீனப் புத்தாண்டு வாரம். இந்த நாட்களில் பாலங்களின் மேல் வரிசையில்தான் நகர முடியும். சாதாரண வாரங்களில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை முற்பகுதி வரை அங்கே 'பிளம் மழை' காலம். விடாத தூறலும் புழுக்கமும் இருக்கும். பலரும் தவிர்க்கச் சொல்வார்கள். குடையும் பிடிமானமுள்ள செருப்பும் இருந்தால் தவிர்க்க வேண்டியதில்லை. மழைக்கென்றே கட்டிய மண்டபங்கள் இங்கே உண்டு, கீழே வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூக்கும், ஆனால் வெயிலும் கொசுவும் கடுமை. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை, சுஜோவின் நகரப் பூவான ஒஸ்மாந்தஸ் பூக்கும். பூ கண்ணில் படுமுன் வாசம் வந்துவிடும். விடுமுறை வாரம் முடிந்த அக்டோபர் நடுப்பகுதிதான் எங்கள் முதல் பரிந்துரை. அடுத்தது மார்ச் கடைசி. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கும். மண்டபங்கள் திறந்தவெளி என்பதால் உள்ளே போனாலும் குளிர் விடாது. கூட்டம் குறைவு என்பது மட்டுமே லாபம்.

டிக்கெட், பாஸ்போர்ட், பணம்

பெரிய தோட்டமான ஜுவோஜெங் யுவெனுக்கு ('யுவென்' என்றால் தோட்டம்) சீசன் மாதங்களில் சுமார் 80 யுவான், மற்ற மாதங்களில் சுமார் 70. லியூ யுவென் 55 / 45. வாங்ஷி யுவெனும் சிங்கத் தோப்பும் 40 / 30. கட்டணம் மாறக்கூடும், ஆனால் இந்த அளவில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 7.30-க்குத் திறந்து மாலை ஐந்து, ஐந்தரைக்கு மூடுகிறார்கள்.

ஜுவோஜெங் யுவெனுக்கு முன்பதிவு அவசியம். தேதியும் நேரப் பகுதியும் தேர்ந்தெடுக்க வேண்டும், பாஸ்போர்ட் எண் கொடுக்க வேண்டும். வீசாட் செயலிக்குள் சீன மொழியில் பதிவு செய்யலாம். அது வசப்படாவிட்டால் ட்ரிப்.காம் போதும். கேட்கிறவர்களிடம் காட்ட அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போட்டோ நகல் செல்லாமல் போகலாம்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலரது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். இனிஷியலைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக ஓடும் எழுத்துகளில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் கொடுங்கள். ரயில் டிக்கெட்டுக்கும் இதே விதி. அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட், ஓர் எழுத்து பிசகினாலும் கவுன்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் விசா வாங்கிக்கொண்டே கிளம்ப வேண்டும். பணத்துக்கு அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர் கார்டை ஊரிலேயே இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். வங்கியில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பார்க்க மறப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் சீனாவில் நின்றுகொண்டு ஓடிபி வரவில்லை என்று தவிப்பார்கள். ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் வாட்ஸப்பும் கூகுளும் ஓடும், ஹோட்டல் வைஃபையில் ஓடாது. கூகுள் மேப் அங்கே சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், அதை நம்பிச் சந்துக்குள் நுழையாதீர்கள். ஆமாப் என்ற சீன மேப்பில் ஆங்கிலம் இருக்கிறது. தோட்டங்களின் சீனப் பெயரைப் படமாக போனில் சேமித்துக்கொண்டால் டாக்ஸிக்காரரிடம் நீட்டலாம்.

போய்ச் சேர்வது

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'சுஜோ' நிலையமும் 'சுஜோ வடக்கு' நிலையமும் வேறு வேறு. பழைய நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் 'சுஜோ'. வடக்கில் இறங்கிவிட்டால் மெட்ரோ 2-ஆம் தடத்தில் வர வேண்டும், அரை மணிக்கு மேல் போய்விடும். காலைக் கூட்டம் அதற்குள் உள்ளே நுழைந்திருக்கும். சுஜோ நிலையத்தில் இறங்கி மெட்ரோ 4-ஆம் தடத்தில் பெய்சீட்டா நிறுத்தத்துக்குப் போய், கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் ஜுவோஜெங் யுவென். பெட்டிகளை ரயில் நிலையத்திலேயே வைத்துவிடுங்கள்.

முந்தைய இரவே சுஜோவில் தங்கிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. காலை 7.30-க்கு வாசலில் நிற்பதற்கும் 9.30-க்கு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. குழுச் சுற்றுலாக்காரர்கள் ஒலிபெருக்கியோடு ஒன்பது மணிக்கு மேல் வரத் தொடங்குவார்கள், பத்திலிருந்து இரண்டு வரை உச்சம். நிலையத்திலும் வாசலுக்கு வெளியிலும் ரிக்‌ஷாக்காரர்களும் தரகர்களும் "டிக்கெட் தீர்ந்துவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன்" என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் நடங்கள்.

ஜுவோஜெங் யுவென்: மூன்று மணி நேரம்

வாங் ஷியென்சென் என்ற மிங் அரசமரபுக் காலத்து அதிகாரி, பதவியில் அடிபட்டு ஊர் திரும்பி, 1509-வாக்கில் தொடங்கிய தோட்டம். "தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, காய்கறி விற்றுப் பிழைப்பதே சாமர்த்தியமில்லாதவன் நடத்தும் அரசாங்கம்" என்று பழைய கவிஞர் ஒருவர் எழுதியதிலிருந்து பெயரை எடுத்தார். பெயரில் அடக்கம் தெரிகிறது, பரப்பளவு ஐந்து ஹெக்டேருக்கு மேல். அவர் மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் இதைத் தோற்றான் என்று சொல்வார்கள்.

கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று பகுதிகள். வாசல் கிழக்கில். கிழக்குப் பகுதி பெரும்பாலும் புல்வெளி, பிற்காலத்தில் திருத்தியமைத்தது. நுழைந்த உற்சாகத்தில் எல்லோரும் அங்கேயே படமெடுத்து முக்கால் மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். நிற்காமல் கடந்து போங்கள். நடுப்பகுதியைப் பிரிக்கும் நீண்ட சுவரும் அதையொட்டிய தாழ்வாரமும் வரும். அதைத் தாண்டியதும் யீஹோங் மண்டபம். அங்கே நின்று மேற்கே பாருங்கள்.

நீண்ட குளம், இரு கரையிலும் மரங்கள், குளத்தின் கடைசியில், தோட்டத்துக்குள்ளேயே இருப்பதுபோல ஒரு கோபுரம். அது பெய்சீ கோயிலின் ஒன்பதடுக்குக் கோபுரம், 76 மீட்டர் உயரம். தோட்டத்துக்கு வெளியே, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. இதைத்தான் 'கடன் வாங்கிய காட்சி' என்கிறார்கள். நடுவிலுள்ள தெருவும் கூரைகளும் கண்ணில் படாதபடி மரங்களை வளர்த்திருக்கிறார்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கோபுரத்தின் மேல் நேராக வெளிச்சம் விழும். மாலையில் போனால் எதிர்வெயிலில் கறுப்பு நிழலாகத் தெரியும். அதிகாலையில் வரச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

அடுத்து, கூட்டம் வருமுன் மேற்குப் பகுதிக்குப் போய்விடுங்கள். குழுக்கள் நடுப்பகுதியில் நின்று நின்று வருவதால் மேற்கு கடைசியாகத்தான் நிறையும். நீரோரத்தில் விசிறி வடிவ மண்டபம் ஒன்று: ஜன்னல், மேசை, கூரை எல்லாமே விசிறி. இந்தப் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாங்கிய ஜாங் குடும்பத்தின் முன்னோர் விசிறி விற்றுப் பிழைத்தவர்கள், அந்த நன்றிக்கடன். மண்டபத்தின் பெயர் 'யாரோடு உட்காருவது'. கவிஞர் சு ஷியின் வரி அது. பதிலும் அவரே சொல்லியிருக்கிறார்: தெளிந்த நிலவும் இளங்காற்றும் நானும். ஆகவே உள்ளே போய் உட்காருங்கள். நின்று பார்த்தால் ஜன்னல் விளிம்பு காட்சியை வெட்டும். உட்கார்ந்தால் எதிர்க்கரை முழுதாக விசிறிக்குள் அடங்கும்.

இந்தத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. நீரோர மண்டபங்களில் வெளிப்பக்கம் வளைந்த சாய்மானத்தோடு பெஞ்சுகள் இருக்கும். கண்ணின் உயரம் அங்கே உட்கார்ந்தவருடையது என்று வைத்துக்கொண்டே பாறையும் மரமும் வைத்திருக்கிறார்கள். படமெடுக்கும்போதும் குனிந்து, பெஞ்சு உயரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அதே பகுதியில் முப்பத்தாறு மாண்டரின் வாத்துகள் கூடம். பெரிய அறையை நடுவில் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். வடபாதி குளத்தைப் பார்க்கும், கோடைக்கு. தென்பாதி காமீலியா மரங்களைப் பார்க்கும், குளிர்காலத்துக்கு. ஜன்னல்களில் நீலக் கண்ணாடிச் சதுரங்கள். அதன் வழியே வெளியே பார்த்தால் கோடையிலும் தோட்டத்தில் பனி விழுந்ததுபோல இருக்கும். கண்ணாடியைத் தொட வேண்டாம், ஒரு முழம் தள்ளி நின்றாலே போதும்.

நடுப்பகுதிக்குத் திரும்பும்போது மழை பெய்தால் அதிர்ஷ்டம். தென்கிழக்கு மூலையில் டிங்யூ ஷுவென், 'மழை கேட்கும் கூடம்'. சின்ன முற்றம், சின்னக் குளம். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் மூங்கில், குளத்தில் தாமரை. ஒரே மழை, ஆனால் மூன்று ஓசை. வாழை இலையில் தொப்தொப்பென்று கனமாக, மூங்கிலில் சலசலவென்று, தாமரை இலையில் உருண்டு சொட்டாக. கொல்லையில் வாழை வளர்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேற்குப் பகுதியில் இன்னொரு மண்டபத்தின் பெயரே, காய்ந்த தாமரையை மழையோசைக்காக விட்டுவைத்ததைப் பாடும் கவிதை வரியிலிருந்து வந்தது. இலையுதிர்காலத்தில் குளத்தில் காய்ந்த இலைகளைப் பார்த்துப் பராமரிப்பு சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நடுக் கூடமான யுவென்ஷியாங் டாங்கையும் கூரையிட்ட செந்நிறக் கைப்பிடிப் பாலத்தையும் கடைசியில் வையுங்கள். அங்கே எப்போதும் கூட்டம்தான், எந்த நேரம் போனாலும் பெரிய இழப்பில்லை. வெளியே வருமுன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், ஒரு முறை வெளியேறினால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. டிஷ்யூ கையில் இருக்கட்டும்.

சிங்கத் தோப்பு

ஐந்து நிமிட நடை. 1342-இல் ஒரு ஜென் துறவி தன் குருவின் நினைவாக அமைத்த இடம். குரு வாழ்ந்த இடத்துக்குச் சிங்கப் பாறை என்று பெயர். இப்போது இது குழந்தைகளின் ராஜ்யம்: பாறைக் குகைகளால் ஆன புதிர்வழி, ஏறி இறங்கி, எதிரில் நிற்பவரைத் தொட முடியாமல் அரை மணி நேரம் சுற்றலாம். தலை இடிக்கும், முதுகுப் பை சிக்கும், மழை பெய்திருந்தால் வழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் குகைக்குள் போகாமல் குளக்கரையில் உட்காரலாம். ஒரு மணி நேரம் தாராளம். அமைதி தேடுபவர்கள் இதை விட்டுவிட்டாலும் குறையில்லை.

கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய்யின் குடும்பம் இதை வைத்திருந்தது. பக்கத்தில் அவர் வடிவமைத்து 2006-இல் திறந்த சுஜோ அருங்காட்சியகம் இருக்கிறது. இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும், திங்கள் விடுமுறை. வெள்ளைச் சுவரின் முன்னால் வெட்டிய கற்பலகைகளை நிறுத்தி மலைத்தொடர் செய்திருப்பதைத் தோட்டங்களைப் பார்த்த அன்றே பார்த்தால் அர்த்தம் புரியும்.

லியூ யுவென்: நுழைவாயிலில் அவசரப்படாதீர்கள்

நகரின் மேற்கே, டாக்ஸியில் கால் மணிக்குச் சற்று மேல். 1593-இல் தொடங்கியது. இதன் சிறப்பு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் பலர் அதை ஏதோ நடைபாதை என்று கடந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் உயர்ந்த சுவர், குறுகலான, அரையிருட்டான, அடிக்கடி திரும்பும் வழி. இடையிடையே வானம் தெரியும் ஒரு துண்டு முற்றம். கண் இருட்டுக்குப் பழகியபின் ஒரு வரிசை ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் வேறு சட்டக்கோலம். அதன் வழியாகக் குளம் துண்டு துண்டாகத் தெரியும். இன்னும் சில அடி வைத்தால் முழுக் குளமும் திறக்கும். இரண்டு ஹெக்டேர் தோட்டம் அந்தக் கணத்தில் ஏரிபோல விரியும். காரணம் அந்த இருட்டுதான். போனைப் பையில் வைத்துவிட்டு மெதுவாக நடங்கள். திரையின் வெளிச்சம் கண்ணில் பட்டால் பழகிய இருட்டு போய்விடும்.

கிழக்குப் பக்கம் குவான்யுன் ஃபெங் என்ற பாறை, சுமார் 6.5 மீட்டர். தாய்ஹு ஏரியில் அலை அரித்து ஓட்டை போட்ட சுண்ணாம்புக் கல். இத்தகைய கல்லை மதிப்பிட நான்கு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: மெலிவு, சுருக்கம், நீர் ஒழுகும் வழி, ஒளி ஊடுருவும் துளை. பாறையைச் சுற்றி வந்து நான்கையும் தேடுங்கள். ஒரு பக்கத்தில் மெலிந்து நிற்பது இன்னொரு பக்கத்தில் மேகம்போல உப்பியிருக்கும். எதிரிலுள்ள குட்டையில் அதன் நிழல் விழுவதையும் பாருங்கள், காற்றில்லாத காலைதான் அதற்கு ஏற்றது.

வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் ஷீயுவென் புத்தக் கோயில். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல், ஏனெனில் சுஜோவின் புகழ்பெற்ற நூடுல்ஸ் கடைகளில் மேலே காளான் மட்டும் வைத்தாலும் சாறு பன்றி எலும்பிலோ விலாங்கு மீனிலோ காய்ச்சியதாக இருக்கும். "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்றால் மேலே உள்ளதை மாற்றுவார்கள், சாறை மாற்ற மாட்டார்கள். கோயில் கூடத்தில் சாறும் சைவம், வெங்காயம் பூண்டும் கிடையாது. மதியத்துக்குள் போய்விடுங்கள்.

வாங்ஷி யுவென்: சின்னது, ஆனால் விடக்கூடாதது

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்வோம். வீட்டையும் சேர்த்து அரை ஹெக்டேர்தான். நடுவில் குளம், நானூறு சதுர மீட்டர் அளவு. பெரிதாகத் தோன்றுவதற்குச் செய்த தந்திரங்களைக் கரையில் நின்றே எண்ணலாம். பெரிய கட்டடங்களைத் தண்ணீரிலிருந்து பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். கரைப் பாறைகளை அடியில் குடைந்து, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருப்பதுபோலக் காட்டியிருக்கிறார்கள். தென்கிழக்கு மூலை ஓடையின் மேல் மூன்று எட்டில் தாண்டிவிடும் குட்டிக் கல்பாலம் ஒன்று; அந்த அளவைக் கண் பிடித்துக்கொண்டதும் குளம் பெருகிவிடுகிறது. பாலத்தின் மேல் யாராவது நின்றால் மாயம் கலைந்துபோகும், ஆகவே தாண்டிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.

மேற்குக் கரையில் 'நிலவு வரக் காற்றும் வரும்' மண்டபம். உள்ளே பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. வானத்து நிலவு, நீரில் நிலவு, கண்ணாடியில் நிலவு. வெயில் காலத்து மாலைகளில் இங்கே இரவு நிகழ்ச்சி நடத்துகிறார்கள்: அறைக்கு அறை குன்சூ இசைநாடகப் பாட்டு, பிங்டான் கதைப்பாட்டு, புல்லாங்குழல். தனி டிக்கெட், சுமார் 100 யுவான். பகலில் பார்த்திருந்தாலும் இரவில் ஒரு முறை வரலாம். வடமேற்கிலுள்ள தியென்சுன்யீ முற்றத்தைத் தவறவிடாதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981-இல் திறந்த சீன முற்றத்துக்கு இதுவே மாதிரி.

நேரம் மீந்தால் ட்ஸாங்லாங் மண்டபத் தோட்டம், 1044-இல் கவிஞர் சு ஷுன்ச்சின் அமைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட கோல ஜன்னல்கள், ஒன்றுபோல் ஒன்றில்லை. அல்லது யீ பூ என்ற சின்னத் தோட்டம். சந்துக்குள் ஒளிந்திருக்கும், குளத்தைப் பார்த்த கூடத்தில் தேநீர் தருவார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வயதானவர்களோடும் குழந்தைகளோடும்

வாசற்படிகள் உயரம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்; மிதிக்காமல் தாண்ட வேண்டும். தரையில் கூழாங்கல்லால் பதித்த வௌவால், கொக்கு உருவங்கள் அழகு, ஆனால் மெல்லிய அடியுள்ள செருப்பில் ஒரு மணி நேரத்தில் பாதம் நோகும், ஈரமானால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள். கோணல்மாணல் பாலங்களின் கைப்பிடி சில இடங்களில் முழங்கால் உயரம்தான், சிறு பிள்ளைகள் கையை விடாதீர்கள். சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் ஜுவோஜெங் யுவெனின் கிழக்குப் பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொசு விரட்டித் தைலத்தை வாசலிலேயே பூசிக்கொள்ளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு பூசலாம் என்றால், அதற்குள் கணுக்காலில் நான்கைந்து தடிப்பு வந்திருக்கும்.